கற்பிப்போர் கல்வி

ஒரு நாட்டின் செல்வம் அதன் வயல்களிலும் சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் மட்டும் இருப்பதன்று. அந்நாட்டு மக்களின் அறிவிலும் பண்பிலும் அது பொதிந்துள்ளது. அவ்வறிவையும் பண்பையும் வளர்க்கும் இடம் பள்ளி. ஆனால், பள்ளி என்பது யாது? சுவரும் கூரையும் பள்ளி ஆகா. பலகையும் மேசையும் பள்ளி ஆகா. அச்சிட்ட நூல்களை அடுக்கி வைப்பதனாலும் ஓரிடம் பள்ளியாகிவிடாது. கற்க விரும்பும் பிள்ளையும் கற்பிக்க வல்ல ஆசிரியரும் கூடும் இடமே பள்ளி. மரநிழலில் அவ்விருவரும் அமர்ந்தால் அதுவும் பள்ளியே. மாளிகையில் அவ்விருவருள் ஒருவர் இல்லையாயின் அது வெறும் மாளிகையே.

ஆகவே, ஒரு நாட்டின் கல்வி முறையை வலுப்படுத்த விரும்புவோர் முதற்கண் நோக்க வேண்டுவது கற்பித்தலின் தரம் ஆகும். அத்தரம் எங்ஙனம் உயரும்? நல்லாசிரியர் பிறக்கின்றனரா, அன்றி ஆக்கப்படுகின்றனரா? ஒருமுறை பயிற்சி பெற்ற ஆசிரியர்க்கு அப்பயிற்சி வாழ்நாள் முழுவதற்கும் போதுமா? இவ்வினாக்களுக்கு விடை காணத் தமிழகத்தின் வரலாறே பெரிதும் துணை செய்கின்றது.

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திற்கும் அரியலூருக்கும் இடையே செல்லும் இருப்புப் பாதையில், வெள்ளாற்றங்கரைப் பகுதியில் அமைந்த ஊர் பெண்ணாடம். நெல்லும் கரும்பும் விளையும் வயல்கள் சூழ்ந்த இவ்வூரின் பழம்பெயர் பெண்ணாகடம் என்பது. 13ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் மெய்கண்டார் தோன்றினார் என்பது மரபு. இளமையில் அவர் திருவெண்ணெய்நல்லூரில் தம் மாமன் இல்லத்தில் வளர்ந்தார். பன்னிரண்டே நூற்பாக்களைக் கொண்ட சிவஞானபோதம் என்னும் நூலை இயற்றிப் பெரும்புகழ் எய்தினார்.

அவர் வரலாற்றில் ஆசிரியப் பணியைப் பற்றிய அரியதொரு செய்தி உண்டு. மெய்கண்டாரின் குடும்பத்திற்கு வழிவழி ஆசானாக விளங்கியவர் சகலாகம பண்டிதர் என்பவர். ஆகமங்கள் அனைத்தையும் கற்றுத் துறைபோயவர் என்பது அப்பெயராலேயே விளங்கும். அவரிடம் பயின்ற மாணவர் பலர் இளையவராகிய மெய்கண்டாரை நாடிச் செல்லலாயினர். அது கண்டு பண்டிதர் சினம் கொண்டார். சிறுவனாகிய அவன் கற்பிப்பது யாதென ஆராய நேரிற் சென்றார். சென்ற இடத்தில், தம் செருக்கே தம் அறிவை மறைத்து நின்றதை உணர்ந்தார். அக்கணமே அவ்விளைஞருக்கு மாணவரானார். அருணந்தி என்னும் பெயரையும் பெற்றார். பின்னர் அவர் இயற்றிய சிவஞான சித்தியார், தம் ஆசிரியரின் சிறு நூலை விரித்து விளக்கும் பெருநூலாகத் திகழ்கின்றது. அருணந்தியின் மாணவர் மறைஞானசம்பந்தர். அவர் மாணவர் சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவம். இங்ஙனம் நான்கு தலைமுறைகளாக அறிவுச் சுடர் கைமாறிச் சென்றது.

இவ்வரலாற்றைச் சமயக் கண்கொண்டு நோக்குவோர் ஒரு பயனைப் பெறுவர். கல்விக் கண்கொண்டு நோக்குவோர் பிறிதொரு பயனைப் பெறுவர். முதுமையும் புலமையும் புகழும் உடைய ஓர் ஆசிரியர், ‘நான் கற்க வேண்டுவது இன்னும் உண்டு’ என்று எண்ணிய அந்நொடியிலேதான் அவருடைய மிகச் சிறந்த பணி தொடங்கியது. அவர் கற்பதை நிறுத்தியிருப்பின், அவர் நூலும் இல்லை. அவர் வழிவந்த மாணவர் மரபும் இல்லை. கற்பதை நிறுத்தாதவரே கற்பிக்கும் தகுதி உடையவர் என்னும் உண்மை இதனால் நன்கு புலனாகும்.

ஏறத்தாழ அக்காலத்தில் வாழ்ந்த பவணந்தி முனிவர், தாம் இயற்றிய நன்னூல் என்னும் இலக்கண நூலை எழுத்திலக்கணத்தோடு தொடங்கவில்லை. அதற்கு முன்னே ஆசிரியர் இயல்பையும் மாணவர் இயல்பையும் பாடம் சொல்லும் முறையையும் வகுத்துரைத்தார். நல்லாசிரியரை நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றோடு அவர் ஒப்பிட்டார். நிலம் போன்ற பொறுமையும், மலை போன்ற அளவிடற்கரிய கல்வியும், துலாக்கோல் போன்ற நடுவுநிலைமையும், மலர் போன்ற மென்மையும் ஆசிரியர்க்கு வேண்டும் என்பது அதன் கருத்து.

ஆசிரியர் ஆகத் தகாதவரைப் பற்றி அவர் கூறுவது இன்னும் கூர்மையானது. கழற்காய்களை இட்டு வைத்த குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையில் அவை வெளிவருவதில்லை. தாம் கற்றதை முறை பிறழக் கூறும் ஆசிரியர் அக்குடம் போன்றவர். மடல் நிறைந்த பனைமரம் எவரையும் அணுக விடாது. தானே உதிர்த்த பழத்தையே பிறர் பெறலாம். வினவிய மாணவர்க்கு விடை கூறாதவர் அம்மரம் போன்றவர். குடுவையில் பஞ்சைச் சிறிது சிறிதாகவே திணிக்கவும் வேண்டும், சிறிது சிறிதாகவே பறிக்கவும் வேண்டும். வருந்திக் கற்று வருந்திக் கற்பிப்பவர் அக்குடுவை போன்றவர். வளைந்த தென்னை, நீர் வார்த்தவனுக்கு அன்றி அயலானுக்குக் காய் தரும்; தம்மை நம்பிய மாணவரை விடுத்துப் பிறர்க்கு உழைப்பவர் அத்தென்னை போன்றவர். எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் இந்நான்கு குறைகளும் உலகின் எந்த நாட்டு வகுப்பறைக்கும் பொருந்துவனவாக இருத்தல் வியப்பே.

பவணந்தியார் மற்றொரு கணக்கையும் காட்டினார். ஆசிரியர் கூறியதை ஒருவன் முற்றும் ஏற்றுக்கொண்டாலும் அவன் பெறுவது கல்வியில் காற்பகுதியே. உடன் கற்போரோடு பழகி ஆராய்வதனால் மற்றொரு காற்பகுதி வரும். எஞ்சிய அரைப்பகுதி, தான் பிறர்க்கு விளங்க எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும். மாணவரை நோக்கிக் கூறிய இக்கணக்கு ஆசிரியர்க்கும் பொருந்தும். பயிற்சி நிறுவனத்தில் பெறுவது ஆசிரியத் திறத்தின் காற்பகுதி. உடன் பணிபுரியும் ஆசிரியரோடு கலந்து ஆராய்வதனால் வருவது காற்பகுதி. தம் வகுப்பறையில் நாள்தோறும் கற்பித்து, அதனை எண்ணிப் பார்ப்பதனால் வருவது அரைப்பகுதி. நாடுகளின் கல்வி வரலாற்றை இக்கணக்கைக் கொண்டே அளந்தறியலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழக ஊர்களில் திண்ணைப் பள்ளிகள் நிலவின. 1822ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன எனத் தெரிந்தது. ஏறத்தாழ ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி என்பது அதன் பொருள். பெண்ணாடமும் சிதம்பரமும் அடங்கிய தென்னார்க்காட்டில் மட்டும் 875 பள்ளிகளும், அவற்றில் பதினாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவரும் இருந்தனர். ஆனால் அம்மாணவருள் பெண் குழந்தைகள் நூற்றுக்கு ஒருவர் அளவே இருந்தனர். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை.

திண்ணைப் பள்ளியின் கற்பித்தல் முறை எளியது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி எழுத்தறிந்தனர். பின்னர்ப் பனையோலையில் எழுத்தாணி பிடித்தனர். கீழ்வாய் இலக்கமும் எண்சுவடியும் மனப்பாடமாயின. ஆசிரியர் ஒருவரே ஆதலின், மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக அமர்ந்து இளையோர்க்குச் சொல்லிக்கொடுத்தான். பிறர்க்குச் சொல்லும்போதே தன் கல்வி நிரம்பும் என்னும் உண்மை அம்முறையில் இயல்பாகவே அமைந்திருந்தது.

இம்முறையின் ஒரு பகுதி கடல் கடந்து சென்றது. 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரரின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென அமைந்த காப்பகத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் ஏற்றார். உள்நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதனை ஏற்கத் தயங்கினர். பெல், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, இளைய பிள்ளைகளுக்கு அவ்வாறே கற்பிக்கச் செய்தார். முயற்சி வெற்றி பெற்றது. 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வாயிலாக இது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்று, இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் எனப் பலர் மகிழ்ந்தனர். செலவு குறைவு என்பதே அம்மகிழ்ச்சிக்குப் பெருங்காரணம்.

ஆயினும் அம்மகிழ்ச்சி நெடிது நிலைக்கவில்லை. சிறுவன் சிறுவனுக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். பொருளை உணர்த்தல் அவனுக்கு அரிது. சட்டாம்பிள்ளை ஆசிரியர்க்குத் துணை ஆகலாமேயன்றி ஆசிரியராக இயலாது. இதனை உணர்ந்த இங்கிலாந்து, 1846இல் அம்முறையினின்று விலகி, ஆசிரியப் பணிக்கெனத் தேர்ந்தெடுத்த இளைஞர்க்கு ஐந்தாண்டுப் பழகுநர் பயிற்சியும், அதன்பின் பயிற்சிக் கல்லூரியும் அமைக்கத் தொடங்கியது. சிக்கனத்திற்காக ஆசிரியரைக் குறைத்த நாடு, தரத்திற்காக மீண்டும் ஆசிரியரையே நாட நேர்ந்தது.

மன்றோவின் கணக்கெடுப்பும் அதே பாடத்தைக் கற்பித்தது. பள்ளிகள் பல இருந்தும் கல்வி தாழ்ந்திருப்பதற்குக் காரணம் யாது என அவர் ஆராய்ந்தார். ஆசிரியர் ஒருவரின் மாத வருவாய் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் இல்லை என்றும், தகுதியுடையோரை அப்பணிக்கு ஈர்க்க அது போதாது என்றும் 1826இல் தம் குறிப்பில் எழுதினார். சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்றும், மாவட்டத்திற்கு இரண்டு முதன்மைப் பள்ளிகளும், தாசில் தோறும் ஒரு பள்ளியுமாக 300 தாசில் பள்ளிகளும் அமைய வேண்டும் என்பது அவர் திட்டம். தாசில் பள்ளி ஆசிரியர்க்கு மாதம் 9 ரூபாய் ஊதியம் என்று குறித்தார்.

திட்டம் நன்று; அதன் முடிவோ இரங்கத்தக்கது. 1827இல் மன்றோ காலமானார். திட்டமிட்ட பள்ளிகளுள் சிறு பகுதியே தோன்றியது. பயிற்சி பெற்றோர் போதிய அளவில் கிடைக்கவில்லை. குறைந்த ஊதியத்திற்குத் திறமையுடையோர் வரவில்லை. அரசின் எண்ணமும் ஆங்கிலக் கல்வியின்பால் திரும்பியது. 1836இல் அப்பள்ளிகள் கைவிடப்பட்டன. நோயைச் சரியாகக் கண்டறிந்தும் மருந்தை முழு அளவில் கொடாமையால் நேர்ந்த இழப்பு அது. ஊரில் இருந்த திண்ணைப் பள்ளியை உயர்த்தவும் இல்லை. அதனினும் சிறந்த ஒன்றை ஊர்தோறும் அமைக்கவும் இல்லை. இவ்விடைவெளியில் தலைமுறைகள் கழிந்தன.

1854இல் வெளிவந்த உட்டு என்பாரின் கல்வி அறிக்கை, ஆசிரியர் பயிற்சியின் தேவையை வலியுறுத்தியது. அதன் பயனாக 1856இல் சென்னையில் அரசின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அதுவே பின்னர்ச் சைதாப்பேட்டைக்கு மாறி, ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. 1909இல் மாநிலக் கல்லூரியில் பணி ஏற்ற சர்வபள்ளி இராதாகிருட்டிணனும் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றவரே. பின்னாளில் குடியரசுத் தலைவரான அவருடைய பிறந்த நாளாகிய செப்டம்பர் 5ஆம் நாள், 1962 முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. பவணந்தியார் கூறிய முதற் காற்பகுதிக்கு இங்ஙனம் நாட்டில் ஓர் இடம் அமைந்தது.

அரசின் முயற்சியோடு தனிமனிதரின் தொண்டும் கற்பித்தலை உயர்த்தியது. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், பாதிரியார் நடத்திய பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் பணிபுரிந்தவர். அப்பள்ளிகளில் மாணவரை வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையின் சிறப்பை அவர் உணர்ந்தார். 1848இல் வண்ணார்பண்ணையிலும், 1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாகச் செல்லும் பாலபாடங்களை எழுதினார். சந்தி பிரித்தும் நிறுத்தக் குறிகள் இட்டும் பிழையின்றி அச்சிட்டார். கற்றதை முறைப்படுத்திக் கொடுக்கும் ஆசிரியர்க்கும் கழற்காய்க் குடத்திற்கும் உள்ள வேற்றுமை அந்நூல்களில் விளங்கும்.

அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர், திண்ணைகளில் இடம் மறுக்கப்பெற்ற ஆதிதிராவிட மக்களின் பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். சிலர்க்கு மட்டும் உயர்ந்த கல்வியும் பலர்க்குக் கல்வியின்மையும் இருக்குமாயின், அதனை ஒரு நாட்டின் கல்வி முறை என்று கூறல் பொருந்துமா? தரம் என்பது எல்லார்க்கும் எட்டும் தரமாக இருத்தல் வேண்டும் என்பதை அவர் பணி நாட்டிற்கு உணர்த்தியது. சென்னையிலோ, இளமையிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்பலட்சுமி 1911இல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற இளம் கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்து, அவர்களை ஆசிரியைகளாக உருவாக்கினார். 1922இல் பெண்களுக்கெனத் தோன்றிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி அவருடைய உழைப்பால் சிறந்தது. பெண் ஆசிரியர் பெருகிய பின்னரே பெண் குழந்தைகள் அச்சமின்றிப் பள்ளிக்கு வரலாயினர்.

நாடு விடுதலை பெற்ற பின்னர்ப் பள்ளிகள் ஊர்தோறும் பரவின. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக விளங்கிய காமராசர் காலத்தில் பள்ளியில்லாச் சிற்றூர்களில் பள்ளிகள் தோன்றின. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊர்மக்கள் தத்தம் பள்ளிக்குப் பலகையும் கட்டடமும் நூலும் வழங்கினர். இவற்றோடு ஒப்ப மதிக்கத்தக்க மற்றொரு செயலும் நிகழ்ந்தது. 1955இல் ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு ஆகிய மூன்றையும் ஒருசேர அளிக்கும் திட்டம் ஆசிரியர்க்கு வந்தது. முதுமையில் உணவிற்கு என் செய்வது என்று ஏங்கும் உள்ளம் பாடத்தில் எங்ஙனம் பொருந்தும்? மன்றோ கண்ட நோய்க்கு ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த மருந்து அது.

1964இல் அமைந்த கோத்தாரி கல்விக் குழு, 1966இல் தன் அறிக்கையை அளித்தது. கல்வியின் தரத்தை உருவாக்கும் காரணங்களுள் ஆசிரியரின் திறமும் ஒழுக்கமுமே தலையாயவை என அது தெளிவுறக் கூறியது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் வழியே மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. கடலூர் மாவட்டத்திற்குரிய நிறுவனம் வடலூரில் உள்ளது. 2010இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், தொடக்கப் பள்ளியில் அறுபது மாணவர் வரை இரண்டு ஆசிரியர் வேண்டும் என வரையறுத்தது. ஆசிரியராக விரும்புவோர்க்குத் தகுதித் தேர்வும் வந்தது.

இவ்வளவு முயற்சிக்குப் பின்னும் பணி முடியவில்லை. நாட்டின் சிற்றூர்களில் ‘பிரதம்’ என்னும் அமைப்பு 2024இல் நடத்திய ஆய்வு, ஐந்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்க வல்லவர் எனக் காட்டியது. பிள்ளை பள்ளிக்கு வருகின்றது, உண்ணுகின்றது, நூலும் சீருடையும் பெறுகின்றது, ஆண்டுதோறும் வகுப்பும் மாறுகின்றது. ஆயினும் படிக்கத் தெரியவில்லை. எண்ணின்றி எழுத்தின்றி ஐந்தாண்டுகள் கழிந்த பிள்ளைக்கு ஆறாம் வகுப்பின் ஒவ்வொரு நாளும் புரியாத மொழி பேசும் ஊரில் வாழ்வது போன்றது. அப்பிள்ளை நாளடைவில் பள்ளியை வெறுக்கும். பின்னர்த் தன்னையே தாழ்வாக எண்ணும். இவ்விழப்பு ஒரு வீட்டின் இழப்பு மட்டும் அன்று, நாட்டின் இழப்புமாகும்.

இதற்குக் காரணம் ஆசிரியரின் சோம்பலே என எளிதிற் கூறிவிடுதல் முறையன்று. சிற்றூர்த் தொடக்கப் பள்ளியின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். ஓர் ஆசிரியர் ஒரே அறையில் இரண்டு அல்லது மூன்று வகுப்புகளுக்குக் கற்பிக்கிறார். ஒரே வகுப்பிலும் பிள்ளைகள் ஒரே நிலையில் இருப்பதில்லை. இந்நிலைக்கு ஏற்ற முறைகளைத் தமிழகம் தேடியே வந்துள்ளது. ஆந்திர மாநிலத்து ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவான முறையைத் தழுவிய செயல்வழிக் கற்றல், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலமெங்கும் பரவியது. பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் ஏணிப்படி போல முன்னேற அது வழிசெய்தது. 2022இல் எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் வந்தது. அதில் பிள்ளைகள் அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்பெற்றனர். வகுப்பின் எண்ணை நோக்காது பிள்ளையின் நிலையை நோக்குதல் இம்முறைகளின் அடிப்படை.

முறை எத்துணைச் சிறந்ததாயினும், அதனைக் கையாளும் ஆசிரியரின் அறிவே அதற்கு உயிர் தருவது. ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். 52இலிருந்து 27ஐக் கழிக்குமாறு கூறினால், ஒரு பிள்ளை 35 என எழுதுகின்றது. சரியான விடை 25. தவறு என்று சிவப்புக் கோடிட்டு மேற்செல்லும் ஆசிரியர் உண்டு. பத்துமுறை எழுதி வா எனப் பணிப்பவரும் உண்டு. திறமுடைய ஆசிரியரோ, ‘இவ்விடை உனக்கு எங்ஙனம் கிடைத்தது?’ என்று கனிவுடன் வினவுவார். ‘இரண்டில் ஏழு போகாது; ஆகவே ஏழில் இரண்டைக் கழித்தேன்’ எனப் பிள்ளை கூறும். பெரிய எண்ணிலிருந்தே சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என முன்னர்க் கற்றதை அப்பிள்ளை இங்கும் பின்பற்றியுள்ளது. பிழை அறியாமையால் வந்ததன்று. பொருந்தாத இடத்தில் பொருத்திய அறிவினால் வந்தது. ஆசிரியர் பத்துப் பத்துக் குச்சிகளைக் கட்டிய கட்டுகளைக் கையில் கொடுத்து, ஐந்து கட்டுகளும் இரண்டு குச்சிகளும் ஐம்பத்திரண்டு எனக் காட்டுவார். ஒரு கட்டை அவிழ்த்தால் பன்னிரண்டு குச்சிகள் ஆகும் என்பதைப் பிள்ளை தன் கையாலேயே காணும். அதன்பின் அப்பிழை மீண்டும் தோன்றுவது அரிது.

இவ்வினாவைத் தொடுக்கும் அறிவு எங்கிருந்து வருகின்றது? கழித்தலை அறிந்திருத்தல் மட்டும் போதாது. பிள்ளைகள் கழித்தலில் எங்கே, ஏன் தடுமாறுவர் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். அதனைப் பயிற்சி நிறுவனம் ஓரளவே கூற முடியும். உடன் பணிபுரிவோர் தம் அனுபவத்தால் சில கூறுவர். எஞ்சியதை ஆசிரியர் தம் வகுப்பறையில் பிள்ளைகளின் ஏடுகளிலிருந்தே கற்க வேண்டும். பிள்ளையின் பிழை ஆசிரியரின் பாடநூல் என்று கூறுதல் மிகையாகாது. பவணந்தியார் அரைப்பகுதி எனக் குறித்தது இதனையே.

கல்வியில் முன்னேறிய நாடுகள் இம்மூன்று பகுதிகளையும் பேணுகின்றன. பின்லாந்து நாட்டில் 1979 முதல் தொடக்கப் பள்ளி ஆசிரியரும் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெறல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது சிறு பணியன்று என்பதை அந்நாடு உணர்ந்தது. அங்கே ஆசிரியப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பெறுதல் பெருமையாகக் கருதப்படுகின்றது. சப்பான் நாட்டிலோ, ஆசிரியர் சிலர் கூடி ஒரு பாடத்தை மிக நுணுக்கமாகத் திட்டமிடுவர். ஒருவர் அதனை வகுப்பில் நடத்துவார். ஏனையோர் பின்னின்று பிள்ளைகளை உற்றுநோக்குவர். பின்னர் அனைவரும் அமர்ந்து, பாடம் எங்கே விளங்கியது, எங்கே தடைப்பட்டது என ஆராய்வர். திருத்திய பாடம் மீண்டும் நடத்தப்பெறும். நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கு நிலவும் வழக்கம் இது. இதில் ஆராயப்படுவது பாடமே, ஆசிரியர் அல்லர். ஆகவே குறை கேட்க எவரும் நாணுவதில்லை.

தமிழகத்திலும் இதற்குரிய வாயில்கள் உண்டு. பள்ளிகள் சிலவற்றை ஒன்றிணைத்த குறுவள மையங்களில் ஆசிரியர்கள் கூடுகின்றனர். வட்டார வள மையங்களும் உள்ளன. அக்கூட்டங்களில் சுற்றறிக்கையைப் படிப்பதும் படிவங்களை நிரப்புவதும் மிகுமாயின் அவை பயன் குன்றும். ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்புப் பிள்ளைகளின் ஏடுகளை எடுத்துவந்து, ‘இப்பிழை ஏன் வந்தது?’ என ஒருவரையொருவர் வினவுவாராயின், அதுவே உயர்ந்த பயிற்சியாகும். இருபதாண்டு அனுபவமுடைய ஆசிரியர், புதிதாக வந்த இளம் ஆசிரியையின் வகுப்பில் பின்னமர்ந்து கற்க முன்வருவாராயின், பண்டிதர் அருணந்தியான நிகழ்ச்சி அங்கே மீண்டும் நிகழ்ந்ததாகும்.

ஆசிரியர் கற்க வேண்டுமாயின் நாடும் தன் கடமையைச் செய்தல் வேண்டும். தகுதியுடையோரை ஈர்க்கும் ஊதியமும், அவர்க்கு உரிய மதிப்பும் வேண்டும். காலிப் பணியிடங்கள் காலந்தாழ்த்தாது நிரப்பப்பெறல் வேண்டும். கணக்கெடுப்பு, பதிவேடு முதலிய பிற பணிகள் கற்பிக்கும் நேரத்தை விழுங்காதவாறு காத்தல் வேண்டும். பயிற்சி தருவோர் வகுப்பறையை அறிந்தவராக இருத்தல் வேண்டும். பள்ளியைப் பார்வையிட வரும் அலுவலர் குறை காண்பவராக மட்டும் வாராமல், உடனமர்ந்து வழிகாட்டுபவராகவும் வருதல் வேண்டும். ஊர்மக்களும், ‘எங்கள் பிள்ளை எத்தனை மதிப்பெண் பெற்றான்?’ என வினவுவதோடு நில்லாமல், ‘எங்கள் பிள்ளைக்கு எது விளங்கவில்லை?’ எனவும் ஆசிரியரை அணுகி வினவுதல் வேண்டும்.

தலைநகரில் தீட்டும் கல்விக் கொள்கை, மாவட்டம் கடந்து, வட்டாரம் கடந்து, இறுதியில் ஒரு சிற்றூரின் வகுப்பறையை அடைகின்றது. அங்கே அதனைப் பிள்ளையின் கையில் சேர்ப்பவர் ஆசிரியர் ஒருவரே. பெண்ணாடத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் பயிலும் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு நாட்டின் கல்வி முறை என்பது வேறெங்கும் இல்லை. தன் முன் நிற்கும் அவ்வாசிரியரே அதற்கு நாட்டின் கல்வி முறை. அவர் ஒரு நாள் புதிதாக ஒன்றைக் கற்றுவந்தால், அன்று அவ்வறையில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் நாட்டின் கல்வி ஒரு படி உயர்கின்றது. அவர் கற்பதை நிறுத்திவிட்டால், எத்துணைப் பெருந்திட்டமும் அவ்வாயிலிலேயே நின்றுவிடுகின்றது. ஆகவே, பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுவது போலவே ஆசிரியர்க்கும் கற்கும் வாய்ப்பு வாழ்நாள் முழுதும் வேண்டும். கற்பிப்போர் கற்கும் நாட்டிலே கல்வி வளரும். கல்வி வளரும் நாட்டிலே மக்கள் தலைநிமிர்ந்து வாழ்வர்.